‘அமிக்டலா’ பக்கத்தை எழுதியது யார்? செமஸ்டர் மார்க்குக்காக விக்கிப்பீடியாவைத் திருத்தும் மாணவர்கள்

ஐடி கம்பெனி ட்ரெய்னிங்கில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஸ்லைடு ஞாபகம் இருக்கும். மூளையின் படம், நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி, மேலே பெரிய எழுத்தில் ‘அமிக்டலா ஹைஜாக்’. மேனேஜர் கத்தினால் கோபம் தலைக்கேறுவது ஏன், காரசாரமாக ஒரு மெயிலை அனுப்பிவிட்டு ஐந்தே நிமிடத்தில் வருத்தப்படுவது ஏன், எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்புப் புள்ளிதான் காரணம் என்பார் ட்ரெய்னர். கேட்பவர்களில் சிலர் போனை எடுத்து ‘அமிக்டலா’ என்று தேடுவார்கள். முதலில் வந்து நிற்கும் முடிவுகளில் ஒன்று விக்கிப்பீடியா.

அந்தப் பக்கத்தை எழுதியது யார்? நரம்பியல் பேராசிரியராக இருக்கலாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கட்டுரை திருத்தும் ஒரு தன்னார்வலராக இருக்கலாம். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் நாலு வரிக்குச் சான்று தேடி நூலகத்தில் உட்கார்ந்திருந்த இளநிலைப் பட்ட மாணவியாகவும் இருக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் மூளை, நரம்பு தொடர்பான கட்டுரைகளின் உரையாடல் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ‘இந்தக் கட்டுரை ஒரு கல்லூரிப் பாடத்தின் அசைன்மென்ட்டாக மேம்படுத்தப்பட்டது’ என்ற அறிவிப்பு பலவற்றில் ஒட்டியிருக்கும். கட்டுரையைப் படிப்பவர்கள் யாரும் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் இந்த விஷயம் வெளியே தெரிவதில்லை.

இப்படி எழுதும் மாணவர்களை ஒருங்கிணைப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 2010இல் விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. முதலில் பொதுக் கொள்கை படிக்கும் மாணவர்களோடு ஆரம்பித்த அது, பின்னர் ‘விக்கி எஜுகேஷன்’ என்ற தனி அமைப்பாகப் பிரிந்தது. அமெரிக்கா, கனடா கல்லூரிகளில் இதுவரை 1 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் அதன் வழியாக எழுதியிருக்கிறார்கள். உளவியல் பக்கமும் இதே காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்காவின் உளவியல் அறிவியல் சங்கம் 2011இல் தன் உறுப்பினர்களையும் அவர்களுடைய மாணவர்களையும் விக்கிப்பீடியாவைத் திருத்த அழைத்தது. ‘தப்பு இருக்குன்னு குறை சொல்றதைவிட, போய்ச் சரி பண்ணுங்க’ என்பதுதான் அந்த அழைப்பின் சாரம்.

நல்ல யோசனை. ஆனால் போய்ச் சரி பண்ணுவது அவ்வளவு சுலபம் இல்லை. மூளை விஷயத்தில் இன்னும் கஷ்டம்.

பாதாம் பருப்பு அளவில் ஒரு தகராறு

அமிக்டலாவையே எடுத்துக்கொள்வோம். காதுக்கு உள்பக்கமாக, மூளையின் பொட்டு மடலுக்குள் ஆழத்தில், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கிரேக்க மொழியில் பாதாமைக் குறிக்கும் சொல்தான் இதன் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் உடற்கூறியலாளர் புர்தாக் வைத்தது. வடிவத்தைப் பார்த்து அவர் வைத்த பெயர் ஒற்றைப் பொருள் போலத் தோன்றவைத்தாலும், உண்மையில் இது பத்துக்கும் மேற்பட்ட நரம்பணுத் தொகுப்புகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, மூளையின் மற்ற பகுதிகளோடு இருக்கும் இணைப்பும் வேறு.

ஒரு வகுப்பில் ஐந்து மாணவர்கள் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியை எழுத வேண்டும். ஒருவர் எழுதுகிறார்: ‘அமிக்டலா என்பது மூளையின் பய மையம்.’ சுருக்கமாக இருக்கிறது, புரிகிறது. நூற்றுக்கணக்கான வெப்சைட்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆதாரமும் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. 1930களில் சிகாகோவில் க்ளூவர், பூசி என்ற இருவர் ரீசஸ் குரங்குகளின் பொட்டு மடல்களை நீக்கிப் பார்த்தபோது, அவற்றுக்குப் பயமே போய்விட்டது. பாம்பைக் கண்டாலும் ஒதுங்கவில்லை. பிற்பாடு ஜோசப் லெடூ போன்றவர்கள் எலிகளில் செய்த ஆய்வுகள், ஆபத்தை அடையாளம் காணும் சுற்று அமிக்டலா வழியாகப் போவதைத் தெளிவாகக் காட்டின.

‘எஸ்.எம்.’ என்ற எழுத்துகளால் மட்டும் ஆய்வுலகம் அறிந்த ஒரு பெண்ணின் கதையும் உண்டு. அரிய மரபணு நோய் ஒன்றால் அவருடைய இரண்டு அமிக்டலாவும் சிதைந்துபோயின. 2011இல் வெளியான ஆய்வில், விஞ்ஞானிகள் அவரைப் பாம்பு விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார்கள், பேய் பங்களா போல அமைத்த இடத்துக்கும் அழைத்துப்போனார்கள். அவர் பயப்படவே இல்லை. பாம்பைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். அப்புறம் என்ன, ‘பய மையம்’ என்று எழுதிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் இரண்டாவது மாணவர் குறுக்கிடுகிறார். 2013இல் அதே எஸ்.எம்மையும், அவரைப் போலவே அமிக்டலா சிதைந்த வேறு இருவரையும் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். மூன்று பேருக்கும் பீதி. மூச்சு முட்டி, முகமூடியைப் பிடுங்கி எறியும் அளவுக்குத் திகில். வெளியிலிருந்து வரும் பாம்புக்குப் பயப்படாதவர், உடம்புக்குள்ளிருந்து எழும் அபாயத்துக்கு நடுங்கிப்போனார். அமிக்டலா இல்லாமலேயே பயம் வந்துவிட்டது.

மூன்றாவது மாணவர் கையில் இன்னொரு தாள். ‘பய மையம்’ என்ற கருத்துக்கு யாருடைய ஆய்வுகளை எல்லோரும் காட்டுகிறார்களோ, அந்த லெடூவே பின்னாளில் அந்தச் சொல்லை ஏற்க மறுத்தார். அமிக்டலா செய்வது ஆபத்தைக் கண்டறிந்து உடம்பைத் தயார்படுத்துவது. ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று மனம் உணர்வது வேறு சமாச்சாரம் என்பது அவர் வாதம். போதாததற்கு, அமிக்டலாவில் உள்ள நரம்பணுக்களில் பல, பரிசு கிடைக்கும்போதும் சுறுசுறுப்பாகின்றன என்பதும் நிரூபணமான ஒன்று. அப்படியானால் ‘மகிழ்ச்சி மையம்’ என்று எழுதலாமா?

கடைசியில் முதல் வரி நீளமாகிறது, சப்பென்றும் ஆகிவிடுகிறது. ‘உணர்ச்சி சார்ந்த எதிர்வினைகள், நினைவு, முடிவெடுத்தல் ஆகியவற்றில் பங்கு வகிக்கும் நரம்பணுத் தொகுப்புகள்’ என்பது போல ஏதோ ஒன்று. ட்ரெய்னிங் ஸ்லைடில் போட உதவாது. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் மூன்று நாள் படிப்பு இருக்கிறது. தேர்வுத்தாளில் ‘பய மையம்’ என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். இங்கே அது செல்லாது என்பதைத்தான் அந்த ஐந்து பேரும் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, ‘ஹைஜாக்’? அது விஞ்ஞானக் கூடத்திலிருந்து வந்த சொல் இல்லை. டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய, உலகம் முழுக்க விற்ற ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ புத்தகம் பிரபலமாக்கிய சொற்றொடர். தப்பான புத்தகம் என்று சொல்ல வரவில்லை. பிரபல நூல் ஒன்றில் வந்த உவமை வேறு, நரம்பியல் கண்டுபிடிப்பு வேறு என்று பிரித்து எழுத வேண்டிய பொறுப்பு கலைக்களஞ்சியத்துக்கு உண்டு, அவ்வளவுதான்.

‘ஆய்வு சொல்கிறது’ என்று எழுத முடியாது

ஆங்கில விக்கிப்பீடியாவில் உடல்நலம், மருத்துவம் சம்பந்தப்பட்ட வரிகளுக்குத் தனி விதி உண்டு. புதிதாக வந்த ஒற்றை ஆய்வை மட்டும் சான்றாகக் காட்டுவதை அது ஊக்குவிப்பதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட மறுஆய்வுக் கட்டுரை, தரமான பாடநூல், மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல் ஆகியவற்றையே கேட்கும். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தி எழுதினால் யாராவது வந்து நீக்கிவிடுவார்கள். கூகுளில் முதலில் வந்த செய்தியை எடுத்துப் போட்டுப் பழகிய மாணவருக்கு இது பெரிய அதிர்ச்சி. (செய்தி டெஸ்க்குகளுக்கும் இந்த விதி இருந்தால், ‘காபி குடித்தால் ஆயுள் கூடும்’ வகைச் செய்திகளில் பாதி காணாமல் போகும்.)

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு அமிக்டலாவிலேயே உதாரணம் உண்டு. 2011இல் லண்டனில் 90 இளைஞர்களை ஸ்கேன் செய்த ஓர் ஆய்வு, பழமைவாத அரசியல் சார்பு உள்ளவர்களுக்கு வலப்பக்க அமிக்டலா கொஞ்சம் பெரியதாக இருக்கிறது என்றது. பத்திரிகைகள் சும்மா விடுமா? ‘உங்க ஓட்டு யாருக்குன்னு மூளையே சொல்லிடும்’ என்கிற தொனியில் உலகம் முழுக்கப் பரவியது. 2024இல் நெதர்லாந்தில் 900க்கும் அதிகமானவர்களை வைத்து மறுபடி செய்து பார்த்தபோது, அந்தத் தொடர்பு மிகச் சிறியது என்று தெரியவந்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் எத்தனை பேர் அந்த ஒற்றை ஆய்வைப் படித்துவிட்டு, அரசியலில் எதிரணியில் இருப்பவர்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகள் என்று முடிவு கட்டியிருப்பார்கள்!

அந்த முடிவு எப்படி வந்தது என்று கவனிக்க வேண்டும். அமிக்டலா பெரியது என்கிறது ஒரு ஆய்வு. அமிக்டலா பயத்தோடு தொடர்புடையது என்கிறது இன்னொரு ஆய்வு. இரண்டையும் முடிச்சுப்போட்டு மூன்றாவதாக ஒன்றை நாமே சொல்லிவிடுகிறோம். கல்லூரிக் கட்டுரையில் இதற்குப் பெயர் ‘சொந்தச் சிந்தனை’, பேராசிரியர் பாராட்டுவார். விக்கிப்பீடியாவில் இதற்குத் தடை. இரண்டு சான்றுகளைச் சேர்த்து, அவை இரண்டிலும் இல்லாத ஒன்றைச் சொல்லக் கூடாது. சொந்தக் கருத்தை எழுதவே கூடாது என்றால் மாணவருக்கு இதில் என்ன பயிற்சி என்று கேட்கிற ஆசிரியர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தன் கருத்து எது, படித்ததில் இருப்பது எது என்று கோடு போட்டுப் பிரிக்கத் தெரிந்த பிறகுதானே சொந்தக் கருத்து என்ற ஒன்றே வருகிறது?

வேலை எப்படி நடக்கிறது? நேரடியாகக் கட்டுரையில் கை வைப்பதில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ‘மணல்தொட்டி’ என்று ஒரு தனிப் பக்கம். அங்கே எழுதிப் பார்ப்பார்கள். பிறகு உடன் படிப்பவர் ஒருவர் படித்துக் குறை சொல்வார். கட்டுரையை ஏற்கெனவே கவனித்துவரும் தன்னார்வலர்கள் இருந்தால், உரையாடல் பக்கத்தில் ‘இப்படி மாற்றலாமா’ என்று கேட்க வேண்டும். அதன்பின்தான் பகுதி பகுதியாகக் கட்டுரைக்குள் கொண்டுபோக வேண்டும். நிஜமான தலைவலி அதற்குப் பிறகு ஆரம்பிக்கும். ஒரே தொகுப்புக்கு ஒருவர் ஒரு பெயரும் இன்னொருவர் வேறு பெயரும் எழுதியிருப்பார். எஸ்.எம். கதை மூன்று இடத்தில் வந்திருக்கும். பாடநூல் படத்தைக் காப்புரிமை காரணமாகப் போட முடியாது என்பதால் யாராவது ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். கட்டுரையின் முன்னுரையைக் கடைசியில்தான் எழுத முடியும் என்பதும் அப்போதுதான் புரியும்.

எல்லா மாற்றமும் ‘வரலாறு’ பக்கத்தில் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். குரூப் ப்ராஜெக்ட்டில் ஒருவர் உழைக்க, மற்ற நால்வரும் பெயர் மட்டும் சேர்த்துக்கொள்ளும் பாரம்பரியக் கலை இங்கே எடுபடாது. யார் எந்த அரைப்புள்ளியை மாற்றினார் என்பதுவரை தெரியும்.

யாருக்கு என்ன லாபம்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரி 2013இல் ஒரு பாடத்தைத் தொடங்கியது. இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்தினால் அதற்கு கிரெடிட். பாடத்தின் பலனை அளந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 43 மாணவர்கள் 43 கட்டுரைகளில் 1,528 திருத்தங்கள் செய்தார்கள். தரமில்லாத சான்றுகளை நீக்கி, நல்லவற்றைச் சேர்த்ததில் நிகரமாக 274 சான்றுகள் கூடின. முதல் இரண்டு ஆண்டுகளில் எழுதிய 28 பேரின் பங்களிப்பில் எதுவும் 2016 ஜூலை வரை திருப்பி அழிக்கப்படவில்லை. திருத்தம் நடந்த மாதங்களில் மட்டும் அந்தக் கட்டுரைகள் 11 லட்சம் முறைக்கு மேல் பார்க்கப்பட்டன. அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2 கோடியே 20 லட்சம்.

ஒரு மாணவர் எழுதிய அசைன்மென்ட்டைச் சராசரியாக எத்தனை பேர் படிப்பார்கள்? பேராசிரியர் ஒருவர். அவரும் முழுசாகப் படித்தாரா என்பது சந்தேகமே. அதோடு இந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படிப்பதோடு நிற்பதில்லை என்பதற்கு வேறு துறையிலிருந்து ஒரு சான்று. அயர்லாந்தில் சட்ட மாணவர்களை வைத்து அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி 150க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதவைத்தார்கள். அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதியை விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள், மீதியை ஏற்றாமல் வைத்தார்கள். ஏற்றப்பட்ட கட்டுரைகள் பேசிய தீர்ப்புகளை நீதிபதிகள் மேற்கோள் காட்டுவது 20 சதவீதத்துக்கு மேல் கூடியது என்றது 2022இல் வெளியான முடிவு. நீதிபதி அறைவரை மாணவர் எழுத்து போய்ச் சேர்கிறது. எழுத்து தப்பாக இருந்தால் தப்பும் அதே தூரம் போகும்.

புனேயில் நடந்தது

இந்த முயற்சி எல்லா இடத்திலும் இனிப்பாக முடியவில்லை. மோசமாக முடிந்த கதைகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது.

2011இல் புனே கல்லூரிகளில் இந்தியக் கல்வித் திட்டம் என்ற பெயரில் இதே முயற்சி தொடங்கியது. வகுப்புகள் பெரியவை. வழிகாட்டிகளாகச் சேர்க்கப்பட்ட பலருக்கே விக்கிப்பீடியாவில் எழுதிய அனுபவம் மிகக் குறைவு. சில வாரங்களிலேயே பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் வெட்டி ஒட்டிய பகுதிகள் கட்டுரைகளில் குவிய ஆரம்பித்தன. உலகின் வேறு மூலையில் இருந்த தன்னார்வலர்கள் ராத்திரி பகலாக ஒவ்வொரு வரியாகத் தேடி அழிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. அவசரப்பட்டதும், அளவுக்கு மீறி ஆட்களைச் சேர்த்ததும் தங்கள் தவறு என்று நடத்தியவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

இந்திய மாணவர்களுக்கு நேர்மை கிடையாது என்று அப்போது சிலர் எழுதினார்கள். அது சோம்பேறித்தனமான விளக்கம். ரெக்கார்டு நோட்டில் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதச் சொல்வது யார்? கைடு புத்தகத்தில் இருக்கும் விடையை ஒரு சொல் மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் போடுவது யார்? பதினைந்து வருடம் காப்பி அடிப்பதைப் படிப்பு என்று பழக்கிவிட்டு, பதினாறாவது வருடம் அதுவே திருட்டு என்று சொன்னால் மாணவர் எங்கே போவார்?

வகுப்பின் அளவு பிரச்னை இந்தியாவுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2013இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிமுக வகுப்பு ஒன்றில் ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்களைத் திருத்தச் சொன்னபோது, விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் கொதித்துப்போனார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் கற்றுக்குட்டிகள் ஒரே வாரத்தில் மொத்தமாக வந்து இறங்கினால், அதைச் சரிபார்க்கச் சம்பளம் வாங்கும் ஆள் யாரும் அங்கே இல்லை. ஒவ்வொரு திருத்தமும் இன்னொருவரின் ஓய்வு நேரத்தைத் தின்கிறது. மாணவருக்குச் செமஸ்டர் முடிந்ததும் வேலை முடிந்தது. தன்னார்வலருக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

இப்போது வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாகச் சாட்பாட் வந்துவிட்டது. வாக்கியம் அழகாக இருக்கும், காட்டும் சான்று மட்டும் உலகத்திலேயே இருக்காது. 2025இல் ஆங்கில விக்கிப்பீடியா, மனிதர் சரிபார்க்காமல் ஏற்றிய செயற்கை நுண்ணறிவுக் கட்டுரைகளை விவாதம் இல்லாமலே விரைவாக நீக்க வழிசெய்யும் விதியைச் சேர்த்தது. அந்தச் சாட்பாட்களுக்கு உலக அறிவைக் கற்றுக்கொடுத்ததில் விக்கிப்பீடியாவுக்கும் பங்கு உண்டு என்பது இதில் வேடிக்கை. கட்டுரையில் ‘பய மையம்’ என்று இருந்தால் சாட்பாட்டும் அதையே சொல்லும். அதைக் கேட்டு ட்ரெய்னர் ஸ்லைடு போடுவார்.

நன்றாக நடந்த இடங்களில் என்ன வித்தியாசம்? 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பு ஒன்று, நாவல்களைப் பற்றிய கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. முடிவில் 3 கட்டுரைகள் விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த ‘சிறப்புக் கட்டுரை’ தகுதியையும், 8 கட்டுரைகள் ‘நல்ல கட்டுரை’ தகுதியையும் பெற்றன. வகுப்பு சின்னது. அனுபவமுள்ள தன்னார்வலர்கள் முன்கூட்டியே உதவிக்கு வந்தார்கள். மாணவர்கள் ஒரே கட்டுரைக்குத் திரும்பத் திரும்ப வந்து திருத்தினார்கள். மூளைக் கட்டுரைக்கும் தேவை இதே மூன்றுதான்.

தமிழில் எங்கே நிற்கிறோம்?

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. மாணவர்களை எழுதவைக்கும் முயற்சியும் இங்கே புதிதில்லை. 2010இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசே கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. அதே காலகட்டத்தில் கூகுள் ஒரு மொழிபெயர்ப்புத் திட்டம் மூலம் ஆங்கிலக் கட்டுரைகளை நிறையத் தமிழுக்குக் கொண்டுவந்தது. எண்ணிக்கை ஏறியது. மொழி நடை தரமாக இல்லை என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார்கள். எழுதியவர் போய்விடுவார், கட்டுரை அங்கேயே கிடக்கும் என்பதே அவர்கள் கவலை. டொரொண்டோ தன்னார்வலர்களின் கவலையும் இதுதான்.

மூளையைப் பற்றித் தமிழில் எழுதும்போது கூடுதலாக ஒரு சிக்கல். பெருமூளை, சிறுமூளை, முகுளம் வரை பள்ளிப் பாடநூல் கைகொடுக்கும். தலாமஸ், ஹைப்போதலாமஸ் என்று வரும்போதே பாடநூலும் ஒலிபெயர்ப்புக்குத் தாவிவிடுகிறது. அமிக்டலாவுக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு தொகுப்புகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றால் விவாதம் நடத்தித்தான் ஆக வேண்டும். இந்த விவாதத்தை உடற்கூறியல் படிக்கும் மருத்துவ மாணவரும், தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தால் எப்படி இருக்கும்? ஒரே ஊரில் இரண்டு கல்லூரிகளும் இருக்கின்றன. பேருந்தில் அரை மணி நேரம்.

ஊரில் ஒரு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூளைப் பகுதி ஒன்றின் பெயர் இருந்தால், சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஆங்கிலத்தில் தேடிப் படித்துக்கொள்வாள். அப்பாவுக்கு அதைப் போனில் விளக்கும்போதுதான் திணறுவாள். மொழிபெயர்த்த யூடியூப் வீடியோவும், வாட்ஸ்அப் ஃபார்வர்டும் அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிடுகின்றன. அங்கே நிற்க வேண்டியது சான்றோடு எழுதப்பட்ட நாலு பத்தித் தமிழ்க் கட்டுரை.

எனவே இங்குள்ள கல்லூரிகள் இதை முயன்று பார்க்க வேண்டும். ஆனால் புனே போல இல்லை. பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட்டு எல்லாக் கல்லூரியும் கட்டாயம் செய்ய வேண்டும் என்று அறிவித்தால், அடுத்த நாளே அது ரெக்கார்டு நோட்டின் டிஜிட்டல் பதிப்பாக மாறிவிடும். மாணவருக்குச் சொல்வதற்கு முன்னால் ஆசிரியர் தானே ஒரு கட்டுரையைத் திருத்தி, யாரோ ஒருவரால் அது அழிக்கப்பட்டு, கோபப்பட்டு, உரையாடல் பக்கத்தில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவர் இந்த அசைன்மென்ட்டைக் கொடுக்கக் கூடாது. மதிப்பெண்ணும் கட்டுரையில் எவ்வளவு எழுத்து தங்கியது என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. அப்படி வைத்தால் தன் வரியைக் காப்பாற்றிக்கொள்ள மாணவர் தன்னார்வலரோடு மல்லுக்கட்டுவார். விக்கி எஜுகேஷன் அமைப்பும் ஆசிரியர்களுக்கு இதையே சொல்கிறது. என்ன படித்தார், ஏன் அப்படி எழுதினார், ஏன் அழிக்கப்பட்டது என்று விளக்கத் தெரிகிறதா என்பதற்கு மார்க் போடலாம்.

முதல் செமஸ்டரிலேயே முழுக் கட்டுரை எழுதவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கட்டுரைகளில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு ஒட்டிய வரிகள் எத்தனையோ கிடக்கின்றன. அப்படி ஒரே ஒரு வரி. அதற்கான மறுஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும். வரி சரியாக இருந்தால் சான்றைச் சேர்க்கலாம். தப்பாக இருந்தால் மாற்றிவிட்டு, ஏன் மாற்றினோம் என்று உரையாடல் பக்கத்தில் இரண்டு வாக்கியம் எழுதலாம். ஒரு மாணவருக்கு ஒரு வாரம் பிடிக்கும். அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால் போதும்.